ஆட்-ஆன் கார்டு கொடுத்தாச்சு, செலவை எப்படிக் கட்டுக்குள்ள வைக்கிறது?

நாகலூர்_காபி

வணக்கம். கிரெடிட் கார்டு என் பேரில் இருக்கு, லிமிட் ஒண்ணரை லட்சம். அதில் மூணு ஆட்-ஆன் கார்டு ஓடுது, அதாவது என் கணக்கிலேயே வீட்டு ஆளுங்களுக்கு வாங்கின கூடுதல் கார்டு, எல்லாத்துக்கும் சேர்த்து இந்த ஒரே லிமிட்தான். ஒண்ணு வீட்டுக்காரம்மாவுக்கு, ஒண்ணு கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிற பையனுக்கு, மூணாவது மச்சினனுக்கு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதா ஹோம்ஸ்டே நடத்துறோம். மேலேயே இருந்து பார்த்துக்கிறது மச்சினன்தான். எனக்குச் சேலத்தில் கடை, விட்டுட்டு நகர முடியாது.

ஹோம்ஸ்டேவுக்கு வேண்டியதை அவனே வாங்கிக்கட்டும்னுதான் கார்டு கொடுத்தேன். லீபஜாரில் மளிகை, கேஸ், மோட்டார் ரிப்பேர், பெட்ஷீட், இப்படி. சீசன் முடிஞ்சு வந்த ஸ்டேட்மென்ட்ல அவன் கார்டு மட்டும் 80 ஆயிரம். அடிவாரத்து பங்க்கில் பெட்ரோல் வரிசையா இருக்கு, அது சரி, வண்டி ஏறி இறங்குதில்ல. ஆனா நடுவுல ஷூ, ஹெட்போன், அஞ்சு ரோடு பக்கம் ஹோட்டல் பில், ஈரோட்டில் ஒரு துணிக்கடை. அதே துணிக்கடையில் பெட்ஷீட்டும் எடுத்திருக்கான், சட்டையும் எடுத்திருக்கான், பில் ஒண்ணுதான். எது எந்தக் கணக்குன்னு பிரிக்கவே முடியலை.

இதுக்கு நடுவுல வீட்டுக்காரம்மா எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் கவுண்டர்ல கார்டை நீட்டினா, லிமிட் இல்லைன்னு வந்துருச்சு. பையனோட லேப்டாப் இஎம்ஐ வேற ஏற்கனவே 60 ஆயிரத்தைப் பிடிச்சு வச்சிருக்கு.

மச்சினன்கிட்ட நேராக் கேட்டா வீட்டில் ரெண்டு நாளைக்கு அடுப்பு எரியாது. அதனால இங்க கேக்குறேன். அவன் கார்டுக்கு மட்டும் தனி லிமிட் போட முடியுமா? ஆன்லைனை மட்டும் நிறுத்த முடியுமா? அவன் செலவை அவன் கட்டலைன்னா வங்கி யாரைப் பிடிக்கும்?

தட்டுவடை_செட்

கார்டை வாங்கி கத்தரிக்கோலால ரெண்டா வெட்டிருங்ணா. முடிஞ்சுது.

நாகலூர்_காபி

வெட்டிரலாம். அப்புறம் மேலே கேஸ் தீர்ந்துச்சுன்னா 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் யார் கொடுக்கிறது, நீங்களா?

ஓய்வு_கேஷியர்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கார்டு பிரிவிலும் கொஞ்ச காலம் இருந்தேன்.

முதலில் அந்தக் கத்தரிக்கோல். வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும். ஷாப்பிங் ஆப், சாப்பாட்டு ஆப் எதிலாவது அந்தக் கார்டைச் சேமித்திருந்தால் அது டோக்கனாக, அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலான ஒரு குறியீடாக, அங்கே உட்கார்ந்திருக்கும். 2022 அக்டோபரில் இருந்து கடைக்காரர்கள் கார்டு எண்ணையே வைத்துக்கொள்ளக் கூடாது, டோக்கன்தான். கையில் கார்டு இல்லாவிட்டாலும் அந்த டோக்கன் வேலை செய்யும். நிறுத்த வேண்டும் என்றால் வங்கி ஆப்பில் பிளாக் செய்ய வேண்டும்.

அடுத்து உங்கள் கடைசிக் கேள்வி. வங்கி உங்களைத்தான் பிடிக்கும், சந்தேகமே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு வழிகாட்டுதலிலேயே தெளிவாக இருக்கிறது: ஆட்-ஆன் கார்டு கொடுக்கலாம், கடன் பொறுப்பு முதன்மைக் கார்டுதாரருடையது. உங்கள் மச்சினன் வங்கியின் கணக்கில் கடன்காரரே இல்லை. பாக்கி விழுந்தால் வசூல் ஆள் உங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார். சிபிலில், அதாவது கடன் மதிப்பெண்ணில், அடி விழுவதும் உங்களுக்குத்தான்.

"எனக்குத் தெரியாமல் செலவு செய்துவிட்டான்" என்று புகார் கொடுக்கவும் வழி இல்லை. திருட்டுப் பரிவர்த்தனை என்றால் 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை என்று 2017-ல் விதி வந்தது. அது வெளியாள் ஏமாற்றியதற்கு. நீங்களே பேர் கொடுத்து வாங்கிக் கொடுத்த கார்டில், அவரே பின் போட்டுச் செய்த செலவு அதில் சேராது. நான் இருந்த காலத்தில் இப்படி வந்த புகார்கள் எல்லாம் திரும்பிப் போனதைத்தான் பார்த்தேன்.

பெங்களூர்_மாப்ள

சொந்த ஊர் கொண்டலாம்பட்டி, வேலை பெங்களூர். லிமிட் விஷயம் நான் சொல்றேன், இதுல எல்லாரும் ரெண்டு வேற வேற சமாச்சாரத்தைக் குழப்பிக்குவாங்க.

ஒண்ணு, ஆப்ல இருக்கிற பரிவர்த்தனைக் கட்டுப்பாடு. ரிசர்வ் வங்கி 2020-ல் கட்டாயம் ஆக்கினது, அதனால எல்லா வங்கியிலும் இருக்கும். கடையில் தேய்க்கிறது, ஆன்லைன், ஏடிஎம், டேப் பண்றது (மெஷின்ல சொருகாம மேலே காட்டுறது), வெளிநாடு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆன் ஆஃப் பண்ணலாம், தொகையும் வைக்கலாம்.

ரெண்டாவது, ஆட்-ஆன் கார்டுக்குன்னே மாசத்துக்கு இவ்வளவுதான்னு வைக்கிற உள் லிமிட். இது வங்கி விருப்பம். சில இடத்தில் ஆப்லயே இருக்கும், சில இடத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போடணும், சில கார்டுல கிடையவே கிடையாது. உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டாவதுதான்.

முதல்ல சொன்னதை மட்டும் வச்சுக்கிட்டு நாளுக்கு 5,000-ன்னு போட்டுட்டு நிம்மதியாப் படுத்துறாதீங்க. 30 நாளுக்குக் கணக்குப் போடுங்க, ஒண்ணரை லட்சம். உங்க மொத்த லிமிட்டே அவ்வளவுதான்.

இன்னொண்ணு. புதுக் கார்டு கைக்கு வரும்போது உள்நாட்டுக் கடையிலயும் ஏடிஎம்லயும் மட்டும்தான் வேலை செய்யணும்னு விதி. ஆன்லைன், டேப், வெளிநாடு எல்லாம் மூடியே வரும். மச்சினன் கார்டுல ஆன்லைன் ஓடுதுன்னா யாரோ திறந்து விட்டிருக்காங்க. நீங்க திறக்கலைன்னா, கார்டு வச்சிருக்கிறவரே திறந்துக்க உங்க வங்கி விடுதான்னு விசாரிங்க. நீங்க மூட, அவர் திறக்கன்னு ஆயிரும்.

டேப்பை நான் மூடத்தான் சொல்வேன். 5,000 வரைக்கும் பின் கேக்காது. ஹோம்ஸ்டேல சமையலுக்கு இருக்கிறவங்க, வண்டி ஓட்டுறவங்கன்னு "இந்தாப்பா, கடைக்குப் போய்ட்டு வா"ன்னு கார்டு கை மாறும்.

அம்மாபேட்டை_அக்கா

நானும் ஒரு ஆட்-ஆன் கார்டுக்காரிதான், அந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்றேனுங்க.

எங்க வீட்டுக்காரர் இதே மாதிரி ஒரு நாள் கட்டுப்பாடு பண்றேன்னு ஆன்லைன் ஓடிபி எல்லாம் அவர் நம்பருக்கு வர்ற மாதிரி வச்சுட்டார். நான் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட உக்காந்தா, அவர் மீட்டிங்ல இருப்பார். நான் போன் பண்ண, அவர் எடுக்காம விட, அதுக்குள்ள ஓடிபி நேரம் முடிஞ்சிரும். வீட்டுச் செலவு என் கையில, அனுமதி அவர் கையில. இது சரியா வருமாங்க? கடைசியில நான் என் தையல் வருமானத்தை வச்சு எஃப்டி போட்டு, அதுமேல என் பேர்லயே ஒரு கார்டு வாங்கிக்கிட்டேன். சம்பளச் சீட்டு கேக்கலை. இப்ப என் கணக்கு எனக்கு, எனக்குன்னு சிபிலும் ஆச்சு.

அதனால மனைவி கார்டையும் மச்சினன் கார்டையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. ஆஸ்பத்திரியில் அவங்க கார்டு நின்னது அவங்க செலவழிச்சதால இல்லையே.

இன்னொரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி மேலே வருஷம் பூரா இருந்து பார்த்துக்கிறார்னு சொல்றீங்க. அவருக்குச் சம்பளம் எவ்வளவு கொடுக்கிறீங்க?

தட்டுவடை_செட்

அக்கா கேட்டாங்க பாருங்க.

நாகலூர்_காபி

சம்பளம்னு தனியா இல்லைங்க. சொந்தக்காரங்களுக்குள்ள எப்படி? தங்குறது, சாப்பாடு எல்லாம் அங்கேயே. தீபாவளிக்கு, பொங்கலுக்கு ஏதாவது கொடுப்பேன். அவன் கல்யாணம்னு வந்தா நான்தானே முன்னாடி நிக்கணும்.

அம்மாபேட்டை_அக்கா

அப்ப அந்த ஷூவும் ஹெட்போனும் சம்பளம்தானுங்க. நீங்க கொடுக்கலை, அவர் எடுத்துக்கிட்டார். இளந்தாரிப் பையன், கையில் காசுன்னு ஒண்ணு வேணாமா? மாமாகிட்ட போய் சட்டைக்குக் காசு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு கார்டைத் தேய்ச்சிருப்பார். லிமிட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல மாசம் இவ்வளவுன்னு அவர் பேங்க் கணக்குல போடுங்க. அதுக்கப்புறமும் கார்டுல ஹெட்போன் வந்தா அப்பக் கேளுங்க, யாரும் உங்களைத் தப்புச் சொல்ல மாட்டாங்க.

கொலுசுப்_பட்டறை

அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை வச்சிருக்கேன், நம்ம தொழில்ல கூலி கூலியா இருக்கணும், சரக்குக் காசு சரக்குக் காசா இருக்கணும். ரெண்டும் ஒரே டப்பாவுல கிடந்தா அப்பன் மகனுக்குள்ளயே சண்டை வரும்.

ஆனா நாகலூராரே, சம்பளம் போட்டுட்டா மட்டும் பிரச்சனை தீராது. உங்க கார்டுல இன்னும் ஒண்ணரை லட்சம் திறந்துதான் கிடக்கும். வாங்குற சாமானுக்கு நீங்க ஏன் கிரெடிட் கார்டையே கொடுக்கணும்? யுபிஐ சர்க்கிள்னு 2024-ல் கொண்டுவந்தாங்க, அதைப் பாருங்க. உங்க பேங்க் கணக்குல இருந்து அவர் போன்ல இருந்து பணம் போகும். முழு அனுமதின்னு கொடுத்தா ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 15,000, அதுக்கு மேல போகாது. நீங்க அதுக்கும் கீழே வச்சுக்கலாம். இன்னொரு வகையில் அவர் ஸ்கேன் பண்ணுவார், கேள்வி உங்க போனுக்கு வரும், நீங்க யுபிஐ பின் போட்டாத்தான் காசு நகரும். அஞ்சு பேர் வரைக்கும் சேர்க்கலாம். நான் பட்டறைப் பசங்க ரெண்டு பேருக்கு முதல் வகையைக் கொடுத்திருக்கேன். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அமிலம், கரி, பாலீஷ் சாமான் வாங்கிட்டு வர்ற அன்னைக்கே எனக்கு மெசேஜ் வந்துரும். மாசக் கடைசியில உக்காந்து எண்ண வேண்டியதில்லை.

இதில கடன்னு ஒண்ணு ஏறவே ஏறாது, கணக்குல இருக்கிறதுதான் போகும். எனக்கு அதுதான் பிடிச்சுது.

பெங்களூர்_மாப்ள

மலையில உள்ளே போனா எல்லா நெட்வொர்க்கும் எடுக்காதே அண்ணா. நாகலூர் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் வர்றதும் போறதுமா இருக்கும். அனுமதி கேட்டுப் போற வகை அங்க சரிப்படாது, முழு அனுமதிதான் நல்லது. வாங்குறது எப்படியும் ஒண்டிக்கடை பக்கமோ கீழே டவுன்லயோதான், அங்க சிக்னல் இருக்கு.

சூரமங்கலம்_சிவா

இவ்வளவு சுத்தணுமா? ஸ்டேட்மென்ட்ல ஒவ்வொரு கார்டுக்கும் தனியா வரும்ல. உங்க கார்டு, மனைவி கார்டு, பையன் கார்டு மூணையும் கூட்டி அதை மட்டும் கட்டுங்க. 80 ஆயிரம் அவர் தலையில நிக்கட்டும். வட்டி ஏறினா புத்தி வரும்.

ஓய்வு_கேஷியர்

சிவா தம்பி, இதை யாரும் செய்துவிடாதீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டேட்மென்டில் கார்டு வாரியாகப் பிரித்துக் காட்டுவது நம் கண்ணுக்கு. வங்கிக்குக் கணக்கு ஒன்று, பாக்கி ஒன்று. நீங்கள் கட்டும் பணம் "மனைவி செலவுக்கு" என்று போய் உட்காராது, பொதுவில் கழியும்.

மொத்தத்தில் ஒரு பகுதியை விட்டாலும் வட்டியில்லாத நாட்கள் என்கிற சலுகை போய்விடும். அதற்கப்புறம் நாகலூர் சாரின் மனைவி 300 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினாலும் அன்றைய தேதியில் இருந்து வட்டி ஓடும். அதாவது தண்டனை மச்சினனுக்கு இல்லை, வீட்டில் எல்லோருக்கும்.

கணக்கும் பார்த்துவிடுவோம். 80,000 பாக்கியில் மினிமம், அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 5 சதவீதம் என்று 4,000 கட்டுகிறார் என்று வையுங்கள். மீதி 76,000. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,660. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், சுமார் 479. ஆக 3,139 ரூபாய். கட்டிய 4,000-ல் அசலில் குறைந்தது 861 ரூபாய் மட்டும். இதுவும் நான் தாராளமாகப் போட்ட கணக்கு. நிஜத்தில் பொருள் வாங்கிய தேதியில் இருந்தே வட்டி ஓடும், இன்னும் கூடும்.

அதனால் நாகலூர் சார், இந்த மாதப் பில்லை முழுதாகக் கட்டிவிடுங்கள். மச்சினனிடம் வர வேண்டியதை வீட்டுக்குள் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏடிஎம் விஷயம் யாரும் சொல்லவில்லை. மூன்று ஆட்-ஆன் கார்டிலும் ரொக்கம் எடுக்கிறதை மூடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி, கட்டணம் தனி.

சூரமங்கலம்_சிவா

காய்கறிக்கும் வட்டின்னு இன்னைக்குத்தான் தெரியுது. என் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

நாகலூர்_காபி

எல்லாருக்கும் நன்றிங்க. இந்த வாரம் நடந்ததைச் சொல்றேன்.

பில்லை முழுசாக் கட்டியாச்சு. கஸ்டமர் கேர்ல பேசினேன், எங்க கார்டுல ஆட்-ஆனுக்கு உள் லிமிட் வைக்கலாமாம். பையனுக்கு 8,000 வச்சேன். மச்சினன் கார்டுல ஏடிஎம், டேப், ஆன்லைன், வெளிநாடு நாலையும் ஆப்ல மூடிட்டு உள் லிமிட் 20,000. வண்டி பெட்ரோலும் கேஸும் மட்டும் அதுல. சில்லறைச் சாமானுக்கு யுபிஐ சர்க்கிள் வச்சுக் கொடுத்தாச்சு. வீட்டுக்காரம்மா கார்டைத் தொடலை.

ஆன்லைனை மூடறப்போ ஒண்ணு கண்ணுல பட்டுது. மச்சினன் கார்டுல ஒரு பாட்டு ஆப், ஒரு படம் பாக்குற ஆப், ரெண்டுக்கும் மாசாமாசம் தானா எடுக்கிற மேண்டேட் இருந்துச்சு. படம் பாக்குறது ஹோம்ஸ்டே டிவிக்காம், கெஸ்ட் கேக்குறாங்களாம். சரி, அது நியாயம்தான்னு என் கார்டுக்கு மாத்திக்கிட்டேன். பாட்டு அவன் கணக்கு.

சம்பள விஷயத்தை வீட்டுக்காரம்மாகிட்ட எடுத்தேன். "இதை நான் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு"ன்னாங்க. அவங்களே தம்பிகிட்ட போன்ல பேசிட்டாங்க. மாசம் ஒரு தொகை, சீசன்ல ரூம் நிறையிற மாசத்துக்கு மேல கொஞ்சம்னு முடிவாச்சு. அவன் என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "மாமா, ஈரோட்டு பில்லுல பெட்ஷீட் 11, சட்டை 2, போட்டோ எடுத்து அனுப்புறேன்." அனுப்பியும் விட்டான்.

இப்ப ஒரு சந்தேகம். பையன் லேப்டாப் இஎம்ஐ பையனோட ஆட்-ஆன் கார்டுல எடுத்தது. அவனுக்கு டெபிட் கார்டே போதும்னு தோணுது. ஆட்-ஆனை ரத்து பண்ணினா இஎம்ஐ என்ன ஆகும்?

ஓய்வு_கேஷியர்

இஎம்ஐ கடன் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. ஆட்-ஆன் கார்டை ரத்து செய்தாலும் மாதாமாதம் உங்கள் ஸ்டேட்மென்டில் வந்துகொண்டே இருக்கும். பிடித்து வைத்த லிமிட்டும் தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும். ஆகவே தாராளமாக ரத்து செய்யலாம்.

ரத்து செய்யும் முன் அந்த மேண்டேட்களைப் பையன் கார்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு தகவல் மட்டும் வரும். காலேஜ் பையன்கள் அதைப் பார்ப்பதில்லை.

கொலுசுப்_பட்டறை

லிமிட்டைக் கூட்டித் தர்றோம்னு வங்கியில இருந்து போன் வரும், சரின்னு சொல்லிறாதீங்க. நீங்க ஒத்துக்காம கூட்டக் கூடாதுங்கிறது விதி. ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு அதுக்குன்னே தனியா இன்னொரு கார்டு, வீட்டுக்காரம்மா பேர்லயே வாங்கி வைங்க. யாரும் தொடாம கிடக்கட்டும்.

அம்மாபேட்டை_அக்கா

அவங்க பேர்ல வாங்குறப்போ ஓடிபி நம்பரும் அவங்களோடதாவே இருக்கட்டுங்க.

நாகலூர்_காபி

சரிங்கக்கா, விண்ணப்பத்தில் அவங்க நம்பர்தான்.

தட்டுவடை_செட்

ரூம் வாடகை என்னங்ணா? ஆடி 18-க்கு முன்னாடி ரெண்டு நாள் வரலாம்னு இருக்கோம்.

நாகலூர்_காபி

தனியா மெசேஜ் போடுங்க, மச்சினன் நம்பர் தர்றேன். கட்டணம் ஹோம்ஸ்டே கணக்குக்குப் போடுங்க, அவனுக்கு இல்லை.